அரக்கு மைனஸ்

டி.வி. மெக்கானிக் வீட்டில் டி.வி. ஓடாது என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் வீட்டு டி.வி. நன்றாகவே ஓடும், சார். சீரியல் நேரத்தில் திரையில் ஒரு கோடு விழுந்தாலும் என் மனைவி ஸுபத்ராவுக்குப் பிடிக்காது. மனைவி மனம் கோணாமல் நடக்கிறவன் என்று சின்ன காஞ்சிபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்டேஷன் ரைட்டர் கலியன் விரும்பினால் இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

என் கடை ரங்கசாமிக் குளத்துப் பக்கம், ஒரு சந்துக்குள். வர்தன் எலக்ட்ரானிக்ஸ். அப்பா ஊர்ப் பிள்ளைகளுக்கு வேதாந்தம் சொல்லிக்கொடுத்தார். நான் டிப்ளமா படித்து வால்யூம் கன்ட்ரோல் மாற்றிக்கொண்டிருந்தேன். வம்சங்கள் இப்படித்தான் முன்னேறுகின்றன.

ஆனால் எனக்கென்று ஒரு லட்சியம் இருந்தது. டி.வி. கேம் பார்த்திருப்பீர்கள். ஒரு பெட்டி, அதில் கேசட்டைச் செருக வேண்டும், டி.வி.யோடு வயர் போட வேண்டும், இரண்டு ஜாய்ஸ்டிக் தொங்கும். அந்தப் பெட்டியை அப்படியே சுருக்கி, அதற்கென்று ஒரு குட்டித் திரை, உள்ளேயே பேட்டரி, எல்லாவற்றையும் இரண்டு கைக்குள் அடங்குகிற மாதிரி செய்துவிட்டால்? செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டே ஆடலாம். வெளிநாட்டில் பெரிய கம்பெனிகள் கோடி கோடியாகக் கொட்டிச் செய்வதை ஒரு சந்துக் கடையில் செய்துகாட்டினால், அதன் அடியில் ஒரு பெயர் இருக்கும். என் பெயர். அவ்வளவுதான் ஆசை. பணம் இரண்டாம் பட்சம்.

இரண்டு வருஷம் உழைத்தேன். முதல் மாடலைப் பார்த்துவிட்டு ஸுபத்ரா கேட்டாள்: "இதைக் கையில வெச்சுக்கறதா, இடுப்புல தூக்கி வெச்சுக்கறதா?"

நகைச்சுவை உணர்ச்சி உள்ளவள்.

சிக்கல் எங்கே என்றால், கேசட் செருகும் இடம். அதற்கு அறுபது கால்கள். அதைப் போர்டிலிருந்து பெயர்த்து முதுகுப்பக்கம் கொண்டுபோனால்தான் பெட்டி சின்னதாகும். அறுபது காலுக்கும் தலைமுடி கனத்தில் அறுபது வயர் பற்றவைக்க வேண்டும். ஒன்று மாறினாலும் திரையில் குப்பை. நான் ஒன்பது தடவை பற்றவைத்தேன். ஒன்பது விதமான குப்பையைப் பார்த்தேன்.

அப்போதுதான் குமரன் வந்தான். 2004 ஆடி மாதம். பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறி வைத்திருக்கிற நெசவாளி. வயது இருபத்தெட்டு. வீட்டு டி.வி. கேமில் சத்தம் வரவில்லை என்று ரிப்பேருக்குக் கொண்டுவந்தவன், மேஜைமேல் கிடந்த என் ஒன்பதாவது முயற்சியைக் குனிந்து பார்த்தான்.

"இன்னா சார் இது, குருவிக் கூடு மாதிரி இருக்குது?"

விளக்கினேன். வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசுவது என் வழக்கம்.

"அறுபதுதானே சார்? நாங்க தறியில பாவு பிணைக்கிறப்ப நீட்டுவாக்குல நாலாயிரத்துக்கு மேல இழை வரும். பழைய இழை முனையில புது இழைய ஒண்ணொண்ணா முறுக்கிக்கினே போவோம். ஒரு இழை மாறிச்சின்னா புடவை முழுக்கக் காட்டிக் குடுத்துடும். இப்பிடிக் குடுங்க, பாக்கலாம்."

கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம். பூதக்கண்ணாடி இல்லை, நடுவில் ஒரு டீ. பற்றவைக்கும் இரும்பைப் பிடிக்க மட்டும்தான் அவனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்விட்சைப் போட்டேன், படம் வந்தது. அறுபது வயரும் சீவிவிட்ட கூந்தல் மாதிரி படிந்திருந்தன.

நான் சந்தோஷப்பட்டேன், சார். உண்மையாகவே. ஒரு நல்ல கருவி கிடைத்தால் மெக்கானிக் சந்தோஷப்படுவான் இல்லையா, அந்த மாதிரி.

கருவி அதோடு நின்றிருக்கலாம். ஒரு வாரம் கழித்து அவன் கேட்டான்: "ஏன் சார் இந்தப் போர்டோட ஓரத்த அரத்தால ராவிக்கினே இருக்கீங்க? ரெண்டா அறுத்துப்புட்டுப் புடவை மாதிரி மடிச்சிடலாமே. நடுவுல அறுபடற கோடுங்களையெல்லாம் நான் ஒயரு போட்டுப் பிணைச்சிக் குடுத்துடறேன்."

அந்த ஒரு வாக்கியத்தில் என் இரண்டு வருஷமும் முடிந்தன. "நானும் அதைத்தான் யோசிச்சுண்டிருந்தேன்" என்றேன். யோசித்திருப்பேன், சார். நேரம்தான் கிடைக்கவில்லை.

மார்கழிக்குள் சாமான் தயாராகிவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கின கார் டி.வி.யின் குட்டித் திரை, செத்துப்போன லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்கள், மடித்த போர்டு. ஒரு தோசைக் கரண்டியின் கனம்தான்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விவரம். கேஸுக்கு முக்கியம். உலகம் முழுக்க சிவப்பு வயர் பிளஸ், கருப்பு வயர் மைனஸ். குமரன் வேலையை வீட்டுக்கு எடுத்துப்போனபோது அவன் மனைவி கலைவாணி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். நானும் கூட இருந்தேன்.

"தறியில முகூர்த்தப் புடவை ஓடிக்கினு இருக்குது. கருப்பு நூலு இந்த வூட்டுக்குள்ள வராது."

"நூலு இல்லம்மா, ஒயரு" என்றான் குமரன்.

"ஒயருக்குள்ள இன்னா, வெள்ளையா இருக்குது? கருப்புன்னா கருப்புதான். சார் கோச்சிக்காதீங்க சார், நீங்க வாங்க. அது வெளியவே இருக்கட்டும்."

அன்றிலிருந்து குமரன் கருப்பு வயரையே தொடவில்லை. மைனஸுக்கு அரக்கு நிறத்தில் ஒரு வயர் தேடிப்பிடித்தான். பிளஸ் மிளகாய்ப்பழச் சிவப்பு. இரண்டும் என் கண்ணுக்குச் சிவப்பு. ஒருநாள் மாற்றிச் சொல்லிவிட்டேன். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சார், இது அரக்கு. அது மிளகாய்ப்பழம். ரெண்டும் ஒண்ணா? மாமிக்குப் புடவை எடுக்கப் போறப்ப நீங்க மட்டும் கூடப் போயிடாதீங்க சார்."

பட்டுக்கடைக்காரர்கள் சாயம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். சிவப்பில் மட்டும் நாற்பது வகை சொல்லுவான். அந்தக் கண்ணைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தகுதியான கர்வம்தான். அதனால் எங்கள் இருவருக்குள் சட்டம் அதுவாகிப்போனது. அரக்கு மைனஸ்.

பொங்கலுக்கு உள்ளூர் கேபிள் டி.வி.யிலிருந்து வந்தார்கள். கடையில் வைத்து எடுத்தார்கள். பேட்டி எடுத்த பெண் மேரி, "இதைக் கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டாள். "நாங்கள்" என்றேன், பெருந்தன்மையாக. குமரன் குறுக்கே புகுந்து, "இல்லீங்க, எல்லாம் சார்தான். நான் சும்மா இழை பிணைச்சேன்" என்றான்.

அதைவிட அவன் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம், சார்.

எல்லோரும் அவனைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். உண்மையான திறமைசாலியைப் பார்த்துச் செய்கிற புன்னகை. மேரி சொன்னாள்: "அண்ணா, நீங்க பிணைக்கிறதைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

ஒளிபரப்பான அன்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். என் முகம் எட்டு விநாடி. எண்ணினேன். மீதி இரண்டரை நிமிஷம் குமரனின் கை. விரல்கள் மட்டும். வீணை வாசிக்கிறவனைக் காட்டுகிற மாதிரி கிட்டே போய், மேலேயிருந்து, பக்கவாட்டிலிருந்து.

ஸுபத்ரா கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஏன்னா, அந்தக் குமரனோட கை எவ்ளோ லக்ஷணமா இருக்கு பாருங்கோ."

பார்த்தேன். லக்ஷணமாகத்தான் இருந்தது. எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமை என்பது கீழான குணம். எங்கள் வீட்டில் அதைச் சிறுவயதிலேயே கண்டித்து வளர்த்தார்கள். நான் யோசித்தது வேறு. ஒரு கண்டுபிடிப்பை எல்லோரும் கையாகப் பார்த்தால் மூளையை யார் பார்ப்பார்கள்? கை கொஞ்சம் ஒதுங்கினால் மக்களுக்கு விஷயம் தெளிவாகும். இது ஒரு கல்வி சம்பந்தமான அக்கறை.

மாசி மாதம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கண்காட்சி என்று அழைப்பு வந்தது. சென்னையிலிருந்து ஒரு பொம்மைக் கம்பெனிக்காரர் வருகிறார், சாமானைப் பார்க்க வேண்டும் என்கிறார். எங்கள் பேட்டரி நாற்பது நிமிஷத்தில் தீர்ந்துவிடும். "பெரிய பேட்டரி நான் கட்டித் தரேன்" என்று குமரனிடம் சொன்னேன்.

கட்டினேன். சுத்தமான வேலை. செல்களைச் சேர்த்து, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, அவன் வாங்கிவைத்திருந்த அதே இரண்டு நிற வயர்களை வெளியே விட்டேன். அரக்கை பிளஸ்ஸில் பற்றவைத்தேன். மிளகாய்ப்பழத்தை மைனஸில். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாதென்று ஸுபத்ராவிடம் காட்டி நிறம் கேட்டுக்கொண்டேன். அவள், "இது அரக்கு. இதுகூடத் தெரியாதா?" என்றாள். அவளுக்கு வேறெதுவும் தெரியாது. அதைத் தனியாக எழுதுங்கள். அரிசி மணி அளவில் ஒரு பாதுகாப்பு ஃப்யூஸ் உண்டு. கரண்ட் எக்கச்சக்கமாக ஓடினால் அது போய்க் காப்பாற்றும். அதை வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவன் வந்து வாங்கிக்கொண்டான்.

"வழக்கம்போல அரக்கு மைனஸ்தானே சார்?"

"வழக்கம்போல."

அவன் பாஷையிலேயே ஒரு வார்த்தை பொய் சொன்னேன். மொத்தக் குற்றமும் அந்த ஒரு வார்த்தைதான். ஒரு நல்ல வடிவமைப்பில் தேவையில்லாத பாகம் எதுவும் இருக்காது.

"மீட்டரைக் கொஞ்சம் குடுங்க சார். வூட்ல வெச்சி ஒருவாட்டி பாத்துட்டு மாட்டறேன்."

"மீட்டர் ஃப்யூஸ் போயிடுத்து குமரா. நான் பார்த்துட்டேன்."

பிளஸ் எது, மைனஸ் எது என்று காட்டிக்கொடுக்கிற அந்த மீட்டர் அப்போது என் பைக்குள் இருந்தது. நல்ல மீட்டர். இன்றும் வேலை செய்கிறது.

ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டாரே. "இவ்ளோ தெளிவாவா எழுதணும்?" என்று கேட்கிறார். ஆமாம், கலியன். தெளிவு முக்கியம்.

அடுத்து நடந்ததற்கு நான் சாட்சியில்லை. கலைவாணி ஆஸ்பத்திரி வராண்டாவில் சொன்னது. குமரன் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேட்டரியை மாட்டியிருக்கிறான். இரண்டு கையாலும் பிடித்து ஸ்விட்சைத் தள்ளியிருக்கிறான். திரை வரவில்லை. வரும் வரும் என்று பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். பொறுமைசாலி. அரை நிமிஷத்தில் சீறியிருக்கிறது.

"கீழ போட்டிருக்கலாமில்ல சார்?" என்றாள் கலைவாணி. அவள் அழவில்லை, என்னிடம் நியாயம் கேட்கிற மாதிரி கேட்டாள். "போடல. எதிர்க்க முகூர்த்தப் புடவை பாவு. போட்டா பட்டு பொசுங்கிடும், ஒரு பொண்ணோட கல்யாணப் புடவைன்னு, எரியறத ஏந்திக்கினே நடந்தாரு சார். சாயத் தொட்டி வரைக்கும். ஏழடி. நான் பின்னாலயே ஓடறேன். 'வுடுய்யா, வுட்டுத் தொலைய்யா'ங்கிறேன். 'பாவு, பாவு'ங்கிறாரு."

ஏழடி. சப்தபதிக்கும் அதே கணக்குதான்.

இதை நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். என் கணக்கு ஒரு விரல். அதிகம் போனால் இரண்டு. சூடு தெரிந்ததும் எவனும் கீழே போடுவான், யாருமே அப்படித்தான் செய்வார்கள். உறை உருகி உள்ளங்கையில் ஒட்டுகிறவரை ஒருவன் ஏந்திக்கொண்டு நடப்பான் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆகவே மீதி எட்டு விரல்கள் அவனுடைய சொந்த முடிவு. எனக்குரிய பங்கை நான் ஏற்கிறேன். கூடுதலாக ஏற்பது பெருமை பேசுகிறதாகிவிடும்.

புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கல்யாணம் நன்றாக நடந்ததாகக் கேள்வி.

ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு கையும் துணிப்பொட்டலமாக, மார்மேல் வைத்துப் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். மரியாதை தெரிந்தவன்.

"சார், உங்க பேட்டரியக் கெடுத்துட்டேன். இழை மாத்திட்டேன் போல சார். அரக்கையும் மிளகாய்ப்பழத்தையும் மாத்திக் கோத்துட்டேன்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டான், சார். எரிந்துபோன வயரைத் தேடி எடுத்துப் பார்த்தார்களாம். எரிந்த பிறகு எல்லா நிறமும் கருப்புதான். அதனால் தன் கண்தான் ஏமாந்தது என்று முடிவுகட்டிவிட்டான்.

"பரவாயில்லை குமரா. இதெல்லாம் யாருக்கும் நடக்கறதுதான்" என்றேன். மன்னித்துவிட்டேன். எனக்கு மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

அவன் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஆறின. இழையைத் தொட்டால் தெரியாது. ஆனால் அவனுக்குப் பெரிய நஷ்டமாகப் பட்டது கை இல்லை. ஒருநாள் நான் போயிருந்தபோது கலைவாணி அவன் முன்னால் நூல் கண்டுகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது அரக்குதானே?" என்றான்.

"அரக்குதான்யா."

"நெசமா சொல்லு. எனக்காகச் சொல்லாத."

"உனக்காக அரக்க மாம்பழம்னு சொல்லுவேனா? அரக்குதான்."

பட்டுக்கடைக்காரர்கள் நிறம் பார்க்கக் கூப்பிட்டால் போகமாட்டேன் என்றுவிட்டானாம். 'என் கண்ண நம்பாதீங்க' என்றானாம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கண் அவனுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். எனக்குத் தெரியும். காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

கண்காட்சி ஆவணிக்குத் தள்ளிப்போயிருந்தது. இனி சாமான் என் பெயரில் நிற்கும். புதிதாக ஒன்று செய்தேன். ஐந்து வாரம் ஆனது. படம் வந்தது, பெரும்பாலும்.

கண்காட்சியன்று பக்கத்து மேஜையில் குமரனும் கலைவாணியும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் ஒரு சாமான். என்னுடையதில் பாதி அளவு. அவன் வாயால் சொல்லச் சொல்ல அவள் கையால் பிணைத்திருக்கிறாள். அவளும் பாவு பிணைக்கிறவள்தானே. இதை நான் கணக்கில் எடுக்காமல் விட்டேன். பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். உள்ளே பேட்டரிக்குப் போகிற வயரைக் காட்டினாள். கருப்பு.

"நானே போயி வாங்கியாந்தேன் சார்" என்றாள். "சாமி கோச்சிக்கினா கோச்சிக்கட்டும். இவரு கைய விடவா?"

மேஜையில் ஓர் அட்டையும் வைத்திருந்தார்கள். பிளஸ்ஸும் மைனஸும் மாறிய படம் வரைந்து, கீழே 'இது நான் செய்த தப்பு. நீங்கள் செய்யாதீர்கள். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள் – குமரன்' என்று எழுதியிருந்தது. மாணவர்கள் சாமானைவிட அந்த அட்டையைத்தான் அதிகமாகப் படம் எடுத்தார்கள். பொம்மைக் கம்பெனிக்காரர் அவன் கையைப் பார்த்துக் கும்பிட்டார். எரிந்த பிறகும் கைதான், சார். என்னுடைய மேஜைக்கு வந்து, "நீங்களும் இதே மாதிரி பண்றீங்களா, வெரி குட்" என்றார்.

அப்போதும் நான் பொறுத்துக்கொண்டேன். பரிசு, படம், பத்திரிகைச் செய்தி எல்லாம் அவனுக்கே போகட்டும் என்று இருந்தேன். என் மனம் அவ்வளவு விசாலம்.

போன மாதம் ரிச்சி தெருவுக்குப் போயிருந்தேன். பேட்டரி கிளிப் கேட்டேன். கடைக்காரன் எடுத்துக்கொடுத்தபடி சொன்னான்: "பாத்து சார், குமரன் போட்டுறப் போறீங்க."

"குமரன்னா என்னப்பா?"

"பிளஸ் மைனஸ் மாத்திக் குடுக்கறது சார். இங்க எல்லாரும் அப்பிடித்தான் சொல்றோம். காஞ்சிபுரத்துல யாரோ கண்டுபுடிச்சாராம்."

கண்டுபிடித்தாராம்.

கிளிப்பை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன், சார். மடிப்பு அவனுடையது, அறுபது இழையும் அவனுடையது, சரி. என் வாழ்க்கையில் முழுக்க முழுக்க நானே யோசித்து, யாரையும் கேட்காமல், ஒரே முயற்சியில் சரியாக வேலை செய்யும்படி நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். அதற்கும் அவன் பெயரை வைத்துவிட்டார்கள்.

அதனால்தான் நானாக வந்தேன். நீங்கள் என்னைப் பிடிக்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். முந்தாநாள் நான் வந்து வாயால் சொன்னதை வைத்து நேற்று குமரனை வரவழைத்து விசாரித்தீர்களாம். 'சார் அப்பிடிப்பட்டவரு இல்லீங்க, தப்பு என்னுதுதான், அவரு என் மேல பாவப்பட்டு ஏதோ சொல்றாரு' என்று கும்பிட்டானாம். நீங்களும் அவனைத்தான் நம்புகிற மாதிரி தெரிகிறது. எல்லோருக்கும் அவனைத்தான் நம்பத் தோன்றும். அதற்காகத்தான் ஆதாரம் கொண்டுவந்திருக்கிறேன். இது என் நோட்டு. தேதி போட்டு வரைந்திருக்கிறேன், அம்புக்குறியோடு. இந்தக் கவரில் நான் வைக்காமல் விட்ட ஃப்யூஸ். சின்னது, கலியன், கீழே போட்டுவிடாதீர்கள்.

எந்தப் பிரிவில் கேஸ் போடுவது என்பது உங்கள் பாடு. நான் குறுக்கே வரமாட்டேன். எத்தனை வருஷம் என்றாலும் சரி. ஆனால் இந்தக் கோப்பின் மேல் 'நெசவாளி குமரனின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறது பாருங்கள், அதை அடித்துவிட்டுச் சரியாக எழுதுங்கள். யோசனை, வடிவமைப்பு, செய்முறை மூன்றும் ஸ்ரீவர்தன். உதவி என்று யார் பெயரையும் போட வேண்டாம்.